பின்னாலிருந்து எண்ணியவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. "உன்னைப் பாக்க வரல, இதுல ஏறத்தான் வந்தேன்" என்று ரோலர் கோஸ்டரைக் காட்டி அக்காவிடம் சொன்னேன். ஒன்பது மணி நேரம் பேருந்தில் வந்தவன் பேசுகிற பேச்சா இது?

எங்கள் ஊர்ப் பூங்காவை மூடியபோது, அதன் ரோலர் கோஸ்டரை வேறு ஊர்ப் பூங்கா ஒன்று வாங்கியது. கழற்றி ஏற்றி, அங்கே திரும்பப் பூட்டப் போன ஃபிட்டர்களில் அக்காவும் ஒருத்தி. மூன்று மாத வேலை என்றாள். ஆறு வருடமாகிறது. அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அவளை வீட்டுக்குக் கூப்பிடத்தான் போனேன்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: "மேகம் கவிந்த அந்தக் காலையில் அவன்—" மேகமாவது மண்ணாவது. வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாவது: "அக்கா இறந்து ஆறு வருடமாகிறது." இப்படி நான்கு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. இறந்தவளை எழுதுவது சுலபம். உயிரோடு இருப்பவள் "முடியாது" என்று சொல்லிவிடக்கூடும். கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது அம்மாவில் தொடங்கியது.*

* (அம்மாவைக் காட்டி உங்களை அழவைக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும்: அக்காவின் பழைய வேலை பூட்ஸ் கதவோரம் செய்தித்தாள் மேல் இருக்கிறது. தாள் பழுத்தால் அம்மா புதிதாக விரிக்கிறாள். பூட்ஸைத் துடைப்பதில்லை.)

3

ரோலர் கோஸ்டரில் ஏறும் நடைமேடையில் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா இப்படி இளைச்சிட்டே? ராத்திரி வேலை ஆளையே தின்னுடுச்சா?"

"அதை விட்டுட்டேன்."

"நீ எதைத்தான் விடல?"

(இந்தக் கதையின் முந்தைய கையெழுத்துப் படியில் இதற்கு நான் சுடச்சுடப் பதில் சொல்கிறேன். உண்மையில் பல்லைக் காட்டினேன்.)

பழக்க தோஷத்தில் நேராகக் கடைசிப் பெட்டிக்குப் போனேன்.

"அது இல்லடா. நம்ம பெட்டி முன்னாடி போயிடுச்சு."

சின்ன வயதில் கடைசிப் பெட்டிக்குத்தான் ஓடுவோம். இறக்கத்தில் அதுதான் பலமாக இழுக்கும். எங்களுக்கு எண்ணிக்கையே அங்கிருந்துதான். கழற்றும்போது பெட்டிகளுக்குப் பெயின்டில் எண் போட்டவள் அக்கா. கடைசிப் பெட்டியில் ஒன்று என்று எழுதிவிட்டாள். இங்கே பூட்டியவர்கள் ஒன்றை முன்னால் வைத்துவிட்டார்கள்.

"எந்தக் கழுதை பின்னாலேருந்து எண்ணுச்சுன்னு மேஸ்திரி குதிச்சாரு. இந்தக் கழுதைதான்னேன்."

"மாத்தியிருக்கலாமே?"

"வண்டி மூக்கை மட்டும் கழட்டி இதுல மாட்டினேன். ஓடுதுல்ல, விடு."

"அக்கா, நீ—"

"கையை உள்ள வை."

மடியை அழுத்தும் இரும்புக் கம்பியை இறக்கினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். மற்றவர்களுக்கு ஒரு முறைதான்.

4

இங்கே இறக்கத்தை வர்ணிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன், வர்ணிக்க ஒன்றுமில்லை. சீட்டின் இடது ஓரத்தில் எங்கள் பழைய கிழிசல் அப்படியே இருந்தது. கட்டைவிரலை அதற்குள் விட்டுக்கொண்டேன். பக்கத்து இடம் காலி. முன்பெல்லாம் அங்கிருந்து அக்கா என் காது கிழியக் கத்துவாள். அந்தப் பக்கக் காது மட்டும்—

வேண்டாம், அந்த வாக்கியம் அவ்வளவுதான்.

(ஒரு கையெழுத்துப் படியில் வண்டியை உச்சியில் பழுதாக்கி, அக்காவைப் படியேறி வரவைத்தேன். பொய். அவள் பார்க்கிற வண்டி பழுதாகாது.)

5

சுற்று முடிந்து, நடைமேடைக்குச் சற்று முன்னால் பிரேக்கில் வண்டி நிற்கும். அரை நிமிடம். அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எதிரே நிற்கிறாள். பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஐந்து பெட்டித் தலைகள் அவளை மறைத்திருக்கும். அவள் தப்பாகப் போட்ட எண்ணால் இப்போது நேருக்கு நேர். அவள் விடுவிக்காமல் இந்தக் கம்பி எழும்பாது.

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன். வருகிறாள். வரமாட்டேன் என்கிறாள். நான் கேட்கவேயில்லை. மூன்றாவதுதான் என் குணத்துக்குப் பொருந்தும் என்பதால் அதை முதலில் அடித்தேன்.

வண்டி நகர்ந்து அவளருகில் நிற்கிறது.

"என்னடா, பயந்துட்டியா?"

"வீட்டுக்கு வரியாக்கா?"

அவள் கை கம்பியின் மேல் இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன். அவளை இவ்வளவு நேரம் பார்த்தீர்கள், பதிலை நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை, நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கம்பியை அவள் இரண்டு முறை இழுத்துப் பார்த்ததை மட்டும் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.