எவராலும் திறக்க முடியாத பூட்டு

இத்தால் மல்வேர்ன் வாழ் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் அறியத்தருவது யாதெனில், வாகீசன் இல்லத்துச் சாமியறைக்கு நூற்றுப் பதினாறு வயதுடைய பூட்டொன்று பொருத்தப்பட்டுவிட்டது. கள்வர்கள் இனி வேறு தொழில் பார்க்கலாம்.

அயலவர் விழிப்புக் குழுவின் வட்ஸ்அப்பில் காலை ஆறு மணிக்கே இதைப் போட்டவர் வாகீசன்தான். அவர் குழுவின் செயலாளர். மற்றப் பதவிகளுக்கு ஆள் கிடைக்காததால் தலைவராகவும் பொருளாளராகவும் தற்காலிகமாக, ஒன்பது வருடங்களாக, அவரே இருந்துவந்தார்.

பழம்பொருள் சந்தையில் பூட்டை வாங்கியபோது, சட்டம் போட்ட விளம்பரத் தாள் ஒன்றும் கூடவே கிடைத்தது. 1909ஆம் ஆண்டுப் பத்திரிகையில் வந்தது. முகமூடி அணிந்த கள்வன் ஒருவன் பூட்டின் முன்னால் முழந்தாளிட்டு அழுகிறான். ‘உலகில் எவராலும் திறக்க முடியாதது. திறப்பவருக்கு ஆயிரம் டொலர். கதவைச் சாத்தினால் போதும், தானே பூட்டிக்கொள்ளும்.’ உண்மையில் பூட்டைவிட அந்தத் தாள்தான் வாகீசனுக்குக் கூடுதலாகப் பிடித்தது. அதை வரவேற்பறையில், தன் ஓய்வுபெறும் விழாப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம். பக்கத்து வீட்டு மகேஸ்வரனைப் பிடித்து இருத்தி, தாளை வரிவரியாக விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர் அச்சில் பொய் சொல்லமாட்டார்கள். ஆயிரம் டொலரை இன்றுவரை எவரும் வாங்கவில்லை. இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கம்பெனி எத்தனை வருடம் நடந்தது என்று மகேஸ்வரன் விசாரித்தார். மூன்று வருடம் என்று வாகீசன் சொல்லவேண்டியதாயிற்று.

“அப்ப காசு கேட்டுப் போனவன் ஆரைக் கேட்கிறது, அண்ணை?”

வாகீசன் தாளின் அடுத்த வரிக்குப் போனார்.

மேலே அவருடைய மனைவி குணவதி விளக்கேற்றப் போயிருந்தாள். சாமியறை என்பது படுக்கையறையோடு ஒட்டி உடுப்பு வைக்கக் கட்டிய சின்ன அறை, ஜன்னல் கிடையாது. சாமிப் படங்களுக்குப் பின்னால் அவளுடைய நகைகள் இருந்தன. பூட்டு அதற்காகத்தான். திறப்பை நுழைக்கும் துவாரம் வெளிப்பக்கத்தில் மட்டுமே உண்டு என்பது வாகீசனுக்குத் தெரியும், நான்கு நாள் ஆராய்ந்தவர். கற்பூரம் கொளுத்தினால் வெளியே இருக்கும் புகை அலாரம் வீட்டையே கூப்பாடு போட்டுத் தூக்கிவிடும். ஆகவே பன்னிரண்டு வருடமாகக் குணவதி கதவை இறுகச் சாத்திவிட்டுத்தான் கற்பூரம் கொளுத்துகிறாள். அது மட்டும் அவருக்குத் தெரியாது. பூசை நேரத்தில் அவர் மேலே போனதில்லை.

மேலே கதவில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இருமல்.

குணவதிக்கு ஆஸ்துமா. மூச்சுக்கு அடிக்கும் பம்ப் கட்டிலருகே மேசையில் கிடந்தது, கதவுக்கு இந்தப் பக்கம்.

வாகீசன் படியேறிப் போய், பதற்றப்பட ஒன்றுமில்லை என்று கதவுக்கு அறிவித்துவிட்டு, திறப்பைப் போட்டுத் திருப்பினார். பாதித் திறப்பு கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள் நின்றுவிட்டது. விளக்கை ஊதி நூர்க்கச் சொன்னார். நூர்த்தாயிற்று என்றாள், புகைதான் போக இடமில்லை. அவள் மூச்சு இழுபடுவது மரத்தினூடாகவே கேட்டது. மகேஸ்வரன் 911க்கு அடித்தார். அடித்த கையோடு அடுத்த வரிசை வீட்டில் இருக்கும் சீமோனையும் கூப்பிட்டார். கதவு, ஜன்னல் பொருத்துவதுதான் சீமோனுக்கு வேலை.

சீமோன் சுத்தியலும் கம்பிகளும் கிடந்த ஆயுதப் பெட்டியோடு ஓடிவந்தான். மெல்லிய கம்பிகளை விட்டுக் கிண்டிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

“அண்ணை, உது சரிவராது. பூட்டை வெட்டி எடுக்கவேணும். வெட்டட்டோ?”

வாகீசன் பூட்டைத் தடவிப் பார்த்தார். நூற்றுப் பதினாறு வருடம் ஒருவர் கையும் படாத பூட்டு. காலையில்தான் முந்நூறு பேருக்கு அறிவித்திருக்கிறார். பூட்டுக்குச் சேதம் வராமல் வேறு ஏதாவது வழி இருக்காதா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவர் முகத்தில் நின்றது. உள்ளே இருமல் ஓய்ந்திருந்தது.

“இஞ்சருங்கோ,” என்றாள் குணவதி, கதவுக்குள்ளிருந்து, மெதுவாக. “என்ன யோசிக்கிறியள்?”

“இல்லை... ஒண்டுமில்லையப்பா.”

சீமோன் அதற்குமேல் காத்திருக்கவில்லை. அவன் கண் கதவின் மற்றப் பக்கம் போயிருந்தது. கீல்கள் மூன்றும் வெளியே இருந்தன. சுத்தியலால் தட்டி ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான், நெம்பி இழுத்தான், கதவு அப்படியே பெயர்ந்து வந்தது. குணவதி வெளியே வந்தாள். உதடு வெளிறிப்போயிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தரம் பம்ப் அடித்தாள். கணவன் பக்கம் திரும்பவில்லை.

தீயணைப்புக்காரர் வந்தபோது கதவு சுவரில் சாய்ந்து நின்றது. நீட்டியபடி நின்ற பூட்டின் நாக்கை வாகீசன் அவர்களுக்குக் காட்டினார். 1909இலிருந்து இதை எவராலும் திறக்க முடியவில்லை, இன்றும்கூட முடியவில்லை என்று ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். உயரமான ஒருவர் தலையாட்டிவிட்டு, அம்மாவுக்கு அம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் குணவதி.

எல்லோரும் போனபின் வாகீசன் கீழே வந்து குழுவுக்கு எழுத உட்கார்ந்தார். ‘மேற்படி பூட்டு இன்று கடும் பரீட்சையில் சித்தியடைந்துள்ளது’ என்பது வரை வந்தது. ‘கடும்’ என்பதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் எடுப்பான சொல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

குணவதி அஜின்கோர்ட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.