இரண்டாம் மாடி வைத்தியம்

மனித குலத்தின் முதல் மருந்து தொடுதலே. மற்றவை எல்லாம் பின்னால் வந்த கலப்படம். இந்த வாசகத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெரிய சிஸ்டர் தன் கைப்பட ஓர் அட்டையில் எழுதி, இரண்டாம் மாடி அறைக் கதவில் ஒட்டியிருந்தார். அட்டையின் மறுபக்கம் 'கழிவறை பழுது' என்றிருந்தது. வேறு அட்டை கிடைக்கவில்லை.

உடைந்த நாற்காலிகள் குவிந்து கிடந்த அறை அது. கால் பிடித்துவிடும் வைத்தியத்துக்கான மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த சிஸ்டர், பெரிய டாக்டரை நச்சரித்து அதை வாங்கினார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை விடாமல், கூடவே வாசனை எண்ணெயால் உள்ளங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் இறங்கும். இறங்கவும் செய்தது. மூச்சிரைக்க மாடியேறி வருகிறவருக்கு வாசலிலேயே ஒருமுறை அழுத்தம் பார்ப்பார். படுக்கவைத்து இருபது நிமிடம் கால் பிடித்தபின் மறுமுறை பார்ப்பார். இறங்காத ஆளே கிடையாது. எல்லாம் நோட்டில் இருந்தது.

மருந்து கொடுக்கிற தம்பிக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான் அக்கா இது. இருபது நிமிஷம் சும்மா படுத்தா எனக்கும்தான் இறங்கும்."

"நின்னுக்கிட்டே தூங்குற ஆளு நீ. உனக்கு எதுக்குடா கட்டில்?" என்பார் சிஸ்டர்.

அன்று தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் அறை நிலைக்கும். போடாவிட்டால் நாற்காலிகள் திரும்பிவரும். சிஸ்டர் கீழே ஊசி போடும் அறையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். ஊரார் காலைப் பிடித்துவிடும் அவருக்குத் தன் கால் மாலையானால் பானையாய் வீங்கும்.

அதிகாரி கனத்த உடம்பு. படியேறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுத்தம் நூற்று அறுபத்திரண்டு. நோட்டைப் பார்ப்பதைவிடத் தன் காலிலேயே செய்து காட்டச் சொல்லி, ஷூவைக் கழற்றிப் போட்டுப் படுத்தார்.

எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. சிஸ்டர் கீழே ஓடினார். மருந்து அலமாரி பூட்டியிருந்தது. சாவியோடு தம்பி சாப்பிடப் போயிருந்தான். ஏப்பம் விட்டபடி அவன் வந்து திறப்பதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. புதுப் புட்டியோடு மேலே வந்தபோது அதிகாரியின் குறட்டை வராந்தாவிலேயே கேட்டது. எழுப்பப் பயந்து, கை பழகிய பழக்கத்தில் அவர் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தார்.

நூற்று முப்பது.

தம்பி சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. புட்டியின் மூடியைத் திறக்காமல் அப்படியே நின்றார்.

அதிகாரி கண் விழித்து எண்ணைப் பார்த்தார். "சிஸ்டர், உங்க கையில என்னமோ இருக்கு."

"சார், நான் இன்னும்..."

"தன்னடக்கமெல்லாம் வேண்டாம். அரைத் தூக்கத்துல எல்லாம் தெரிஞ்சுது. ஒவ்வொரு விரலா இழுத்துவிட்டீங்களே, அதுதான் அற்புதம்."

சிஸ்டர் வீங்கத் தொடங்கியிருந்த தன் காலைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து நீட்டினார்.

உள்ளங்காலில் எண்ணெய் இறங்கிய சுகத்தை நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அதிகாரி ஷூவை எடுக்கக் குனிந்தார்.

இரண்டு காலிலும் சாக்ஸ் இருந்தது. இடது சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓர் ஓட்டை.