கட்டிலருகே இருந்தவர்

ஒரு சாவை ஒருவர்தான் நினைவில் வைத்திருக்கலாம். அதனால் ஜெபசிங்கும் அவன் அக்கா ரோஸ்லினும் செவ்வாய்க்கிழமை காலை நினைவுச் சரிபார்ப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். அவர்களுடைய அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அப்பா சாகும்போது ஜெபசிங் தூத்துக்குடி வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ரோஸ்லினுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. அறையில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். அவள் அங்கே மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கே அறைக்குள் நின்றாள். பிறகு கேமராவில் பதிவான அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் அறுபது தடவை போய்வந்தாள். இன்று விமானத்தை விட்டு இறங்கியதும் பெட்டியோடு நேராக இங்கே வந்துவிட்டாள்.

அலுவலகத்தின் நடைக்கூடம் முதலில் குட்டையாகத்தான் இருந்தது. டோக்கன் எண் ஏற ஏற நீண்டது. இவர்கள் முறை வந்தபோது அதிகாரியின் மேசைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது.

அதிகாரி படிவத்தை எடுத்தார்.

"சுவர்ல என்ன காலண்டர்?"

ஜெபசிங் யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

"ஐஸ் கம்பெனி காலண்டர்," என்றாள் ரோஸ்லின். "ரெண்டு நாளா தேதி கிழிக்கல."

"கட்டிலுக்கு அடியில?"

"ஒத்தைச் செருப்பு. இடது காலு."

அதிகாரி ஜெபசிங்கைப் பார்த்தார். "நீங்க என்ன பாத்தீங்க?"

"அப்பா கையப் பிடிச்சிருந்தேன் சார். கொஞ்சங் கொஞ்சமா சில்லிட்டுப் போச்சு."

"அது பாத்தது இல்லையே."

"இல்ல சார்."

"தொட்டதுக்குப் படிவத்துல கட்டம் கிடையாது."

ரோஸ்லினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், அவன்தான் இருந்தான். நான் ஓமன்ல இருந்தேன்."

"அவர் ஒரு தடவை இருந்திருக்கார். நீங்க அறுபது தடவை இருந்திருக்கீங்க," என்றார் அதிகாரி. ஜெபசிங்கின் வலது உள்ளங்கையை விரித்து 'ரத்து' என்று முத்திரை குத்தினார். ரோஸ்லினிடம் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்.

ஜெபசிங் கையை மூடித் திறந்தான். அதில் குளிர்ச்சி இல்லை. வீட்டு அறையை நினைத்துப் பார்த்தான். கட்டில் இருந்தது. அப்பா படுத்திருந்தார். பக்கத்தில் நாற்காலி கிடந்தது. அதில் யாரும் இல்லை.

வெளியே வந்ததும் ரோஸ்லின் அவன் தோளைப் பிடித்தாள்.

"ஜெபா, கடைசியில அப்பா உங் காதுல என்னமோ சொன்னாவ. வாய் அசைஞ்சத அறுபது தடவையும் பாத்தேன். அந்தக் கேமராவுல சத்தம் வரல. போன்ல கேட்டதுக்கு, நேர்ல வா சொல்லுதேன்னு சொன்னியே. என்ன சொன்னாவ?"

ஜெபசிங் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

அவள் கை அவன் தோளிலிருந்து நழுவியது. அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாவளாக்கா?"

அவள் அவன் உள்ளங்கையை விரித்து முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"சரி, விடு. நீயாவது பக்கத்துல இருந்தியே," என்று சொல்லிவிட்டு, ஜெபசிங் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.