உடைந்த சட்டியின் விளக்க அட்டை

உலக நாகரிக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி என்பதால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மூவாயிரம் வருஷத்துக்கு முன்பு செத்துப்போன ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொல்லியல் அருங்காட்சியகத்தைச் சுற்றிப்பார்க்க வந்தார்கள். உடம்பெல்லாம் அகழாய்வுக் குழியின் மண். வாசல் காவலாளி, “மண்ணைத் தட்டிட்டு உள்ள வாங்க, இப்பத்தான் தொடச்சிருக்கு” என்றார். அந்த மண்ணைச் சலிக்கத்தான் அரசாங்கம் ஆண்டுதோறும் ஒரு குழுவை அனுப்பிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். அவர்கள் பேசியது எல்லாருக்கும் விளங்கியது, தொல்மொழி ஆய்வாளரைத் தவிர. அவர் எழுதிய நூலின்படி அவர்கள் அப்படிப் பேசியிருக்க வாய்ப்பே இல்லை.

முதல் கூடத்தில் பெண்டாட்டிக்குப் பொழுது நன்றாகவே போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்கித் திருப்பித் தராத அரைகல்லைக் கண்ணாடிக்குள் கண்டுபிடித்து, அந்தக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டித் தீர்த்தாள். நடுக்கூடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அங்கே தனி விளக்கொளியில், சாந்து வைத்து ஒட்டிய ஒரு கறுப்புச் சட்டி இருந்தது. அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் தாம் எழுதிய விளக்க அட்டையைத் தாமே வாசித்துக் காட்டினார்: ‘சடங்கு முறைப்படி உடைக்கப்பட்ட புனிதக் கலம். குடும்பத் தலைவன் பக்திப் பரவசத்தில் எறிந்தது.’ என்னத்துக்கு என்று தெரியாத எதையும் சடங்குக்கு என்று எழுதிவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். காப்பாட்சியரின் முனைவர் பட்டம், வரப்போகிற இயக்குநர் பதவி எல்லாம் அந்தச் சட்டிக்குள்தான் இருந்தன.

“பக்தியா? உப்பு கம்மின்னு என் தலைக்குக் குறி வச்சாரு. நான் குனிஞ்சேன், சுவத்துல பட்டு ஒடஞ்சுது.”

புருஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “நான் அப்பவே சொன்னேன்ல, பக்தின்னு!”

“எப்ப சொன்னீங்க? இத்தனை காலமும் கை தவறிடுச்சுன்னுதானே சாதிச்சீங்க?”

காப்பாட்சியர் கனிவோடு குறுக்கிட்டார். “அம்மா, நீங்க சம்பவத்துல நேரடியா சம்பந்தப்பட்டவங்க. உங்க கருத்து நடுநிலையா இருக்காது.”

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அட்டையை மாற்ற வேண்டும். சட்டி இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மாற்றாமல் செத்தாலும் நகரமாட்டேன் என்றாள். “நீங்கதான் ஏற்கெனவே செத்துட்டீங்களேம்மா” என்று காவலாளி நினைவூட்டினார். “அப்போ எவ்வளவு காலம் உட்காருவேன்னு நீயே யோசிச்சுக்கப்பா” என்றாள்.

வல்லுநர் குழு ஒன்று வந்து அவளை விசாரித்தது. பாதிக்கப்பட்டவரின் வாய்மொழி ஆதாரமாகாது, சட்டியில் உப்பின் தடயமும் இல்லை என்று முடிவு செய்து, தேநீர் குடித்துவிட்டுப் போனது. உப்பு இல்லாததுதானே சண்டையே என்று அவள் சொன்னது அறிக்கையில் இடம்பெறவில்லை. புருஷனைக் கௌரவ ஆலோசகராக நியமித்தார்கள். அவர் கோட்டு தைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பக்தியைப் பற்றிப் பேசினார். பெண்டாட்டி உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு மட்டும் போவதில்லை. காப்பாட்சியர் இயக்குநராகி, விருது வாங்கி, வழுக்கை விழுந்து, ஓய்வு பெற்றார். தரை துடைப்பவர்கள் அவளைச் சுற்றித் துடைக்கப் பழகிக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் அவளிடம் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள், அவளும் சொன்னாள். புனிதக் கலத்தைக் கும்பிட வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அவள் எழுந்து வழிவிடவில்லை.

அடுத்து வந்த இயக்குநருக்கு உண்மைமேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது, முன்னவரைத்தான் பிடிக்காது. அந்த ஒரு காரணத்துக்காக அட்டையை மாற்றினார்: ‘உப்பு குறைந்ததற்காகக் கணவன் மனைவியின் தலையை நோக்கி எறிந்த சட்டி. அவள் குனிந்துகொண்டாள்.’ அவள் அதை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புருஷனுக்குக்கூடச் சொல்லாமல், குழிக்குத் திரும்பிப்போய்ப் படுத்துக்கொண்டாள். அவரை அப்புறம் யாரும் பேசக் கூப்பிடவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அவரும் போனார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

சட்டி இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பார்க்க யாரும் வருவதில்லை. அந்த மாதிரி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது.