பாண் ஆட்டோவுக்குச் சூடம்

அலுவிகாரைச் சந்துக்குள் பேக்கரிச் சாமான் விற்கும் பாண் ஆட்டோ திரும்பியதும் இராஜகுமாரி மாமி தட்டோடு வாசலுக்கு ஓடி வந்தாள். திருவிழா நேரம், சாமி வீதி சுற்றும் நாள். மேளச் சத்தம் கேட்டதும் சூடத்தைக் கொளுத்திவிட்டாள். கண்ணை மூடி, தட்டைச் சுற்றி, உருகிக் கும்பிட்டுவிட்டுப் பார்த்தால், எதிரே ஆட்டோவின் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் அடைத்த மாலு பணிஸ்.

"என்னா வேணும் மாமி?" என்றான் ஆட்டோக்காரன் நிமலன்.

மாமி அசரவில்லை. "வந்தது வந்துட்ட, ரெண்டு ரோஸ் பாண் குடு."

இத்தனையையும் எதிர்வீட்டு மாடியிலிருந்து நிஷ்மியா போனில் எடுத்துத் தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டாள். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட சங்கதிகள்தான் இருக்கும். சலூன் சுவரில் மீசை முறுக்கிய சிங்கம், ஹோர்ன் அடித்தால் குயில் கூவும் இரத்தோட்டை பஸ், இப்போது பாண் ஆட்டோவுக்குச் சூடம் காட்டும் மாமி. கனடாவிலிருந்தெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: ஆட்டோவில் மேளம்போல் ஒலித்த அந்த மெட்டு யாருடையது?

"எங்க ஹம்சிகாவுடையது" என்று பதில் போட்டாள் நிஷ்மியா.

ஹம்சிகா மாத்தளை டவுனில் தையல் கடையில் வேலை செய்பவள். பஸ்ஸில் போக வர, போனிலேயே மெட்டுக் கட்டுவாள். வீட்டில் ஒருவரும் ஒன்றையாவது முழுசாகக் கேட்டதில்லை. "எல்லாப் பாண் ஆட்டோவும் போடுற அந்த வெள்ளைக்காரப் பியானோவைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிருச்சு, உன்னுதக் குடு தங்கச்சி" என்று வாங்கி ஆட்டோவில் போட்டவன் நிமலன் ஒருவன்தான். தன் மெட்டு தெருவில் போவதைக் கேட்ட அன்று அவள் கடைக்குப் போக வேண்டிய பஸ்ஸையே விட்டுவிட்டாள்.

இப்போது அதே நிமலன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"கோயில் தலைவர் உன்னை வரச் சொன்னாரு."

"எதுக்குண்ணே?"

"மாமி யாரு? தலைவர் சம்சாரம். ஊரே சிரிக்குதுல்ல. நீ மன்னிப்புக் கேக்கணுமாம். கோயிலோட பேஸ்புக் பக்கத்துல லைவ் போடப் போறாங்க."

"மாமி சிரிச்சுக்கிட்டுதானே பாண் வாங்கினாங்க?"

"மாமி சிரிப்பாங்க. அவரு சிரிக்க மாட்டாரு. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு தங்கச்சி. நான் இந்தச் சந்துக்குள்ள வந்து போகணும்ல."

"மாமி மனசு நொந்திருந்தா நூறு தடவை கேக்குறேன்" என்று செருப்பை மாட்டினாள் ஹம்சிகா.

பூசை முடிந்த மண்டபத்தில் தலைவர் செல்லச்சாமி நாற்காலியில் இருந்தார். மாமி தூணோரம் உட்கார்ந்திருந்தாள். செயலாளர் கஜீபன் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெருசா ஒண்ணும் இல்ல புள்ள" என்றார் தலைவர். "கோயில் மேளத்தைக் களவா எடுத்துப் போட்டுட்டேன், அந்த மெட்டு என்னுடையது இல்ல, மன்னிச்சிருங்க. இவ்வளவுதான்."

ஹம்சிகாவுக்குக் காது சுட்டது. மன்னிப்பு என்றுதானே சொன்னார்கள்? இது வேறு.

"எந்த மேளத்துலேருந்து எடுத்தேன் ஐயா?"

"அது எங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியலையே. சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்."

"கேட்டா சாமி வர்ற மாதிரியே இருக்குல்ல? அப்ப அது கோயிலோடதுதான்."

"அப்படின்னா நான் நல்லாத்தான் செஞ்சிருக்கேன்."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தலைவர் கையை அசைத்தார். "வாய் பேசாத. தையல் கடையில ஊசி கோக்குற புள்ளைக்கு இதெல்லாம் வருமா? தம்பி, போடு."

கஜீபன் போனை உயர்த்தினார். "லைவ் போயிருச்சு."

ஹம்சிகா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வணக்கம். நான் ஹம்சிகா. பாண் ஆட்டோவுல போற மெட்டு என்னுடையது. ராகம் போன்ல வாசிச்சது. மேளம்னு நீங்க நினைக்கிறது எங்க வீட்டு பிஸ்கட் டின்னு. ஒருத்தருகிட்டயும் களவெடுக்கல. மாமி கும்பிட்டது அவங்க பக்தி, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. என்னுடையது இல்லன்னு சொல்லச் சொல்றாங்க. சொல்ல மாட்டேன். பிடிச்சவங்க எடுத்துப் போடுங்க. பேரைப் போட்டுப் போடுங்க."

"நிப்பாட்டு தம்பி" என்றார் தலைவர்.

"நிப்பாட்டிட்டேன் ஐயா. ஆனா போனது போனதுதான்" என்றார் கஜீபன்.

"நிமலன் எங்க? இனிமே அந்தச் சத்தத்தோட ஆட்டோ இந்தப் பக்கம் வரக்கூடாது."

வாசலில் நின்ற நிமலன் நிலத்தைப் பார்த்தான். "பழசையே போட்டுக்கிறேன் ஐயா."

ஹம்சிகா வாசலை நோக்கி நடந்தாள். அவனைத் தாண்டும்போது, "போடுண்ணே, உன் பொழப்பு அது. என்னுதை நான் அழிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

படியில் இறங்கும்போது பின்னாலேயே மாமி வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டினாள்.

"அந்தப் பாட்டை இதுல ஏத்திக் குடுடி. மனுசன் வீட்டுல இல்லாத நேரம் பாத்துக் கேக்கணும்."

ஹம்சிகா ஏற்றிக் கொடுத்தாள். போனைத் திருப்பி நீட்டும்போது சொன்னாள்:

"அவரு இருக்கிற நேரமே கேளுங்க மாமி. சத்தத்தைக் கூட்டி வச்சே கேளுங்க."