வடக்குப் புள்ளி

வளர்ந்த தென்னையை வேரோடு எடுத்து வேறிடத்தில் நட வேண்டுமென்றால், கயிறு கட்டுவதற்கு முன்பே வடக்கு எதுவென்று பார்த்து, மரத்தின் அந்தப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இசக்கிதுரை நீலப் பெயிண்டில் வைப்பான். புதுக் குழியிலும் அந்தப் புள்ளி வடக்கையே பார்க்கும்படி மரத்தை இறக்குவான். நிழலிலேயே நின்ற பக்கம் திடீரென்று வெயிலைப் பார்த்தால் மரம் வெடித்துவிடும் என்பது அவன் கண்கூடாகக் கண்டது. பொள்ளாச்சித் தோப்புகளிலிருந்து கொச்சியைச் சுற்றியுள்ள ரிசார்ட்டுகளுக்கு அவன் கொண்டுவந்து நட்ட மரங்கள் முந்நூறுக்கு மேல் இருக்கும். நூற்றுக்கு ஐந்து பட்டுப்போனால் அதிகம்.

அந்தப் பதினோரு மரங்களுக்கும் அப்படித்தான் புள்ளி வைத்தான். வினை அங்கேதான் தொடங்கியது என்று பிறகு நினைத்தான். இல்லை, அதற்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்றும் நினைத்தான்.

கொச்சி நகரத்துக் கொச்சங்காடியின் தெற்குக் கோடியில், நசீபாவின் வீட்டுப் பின்பக்கத்து இரண்டு அறைகளில் அவனும் மனைவி சங்கரியும் ஏழு வருடமாகக் குடியிருந்தார்கள். முற்றத்தில் ஒரு கிணறு. அதைத் தாண்டி மதில். மதிலுக்கு அப்பால் நாலு ஏக்கர் சதுப்பு. ஆளுயரக் கோரையும் இடையிடையே கறுத்த தண்ணீருமாகக் கிடக்கும். நீலக் கோழிகள் கோரையை விலக்கிக்கொண்டு நடக்கும். மழைக்காலத்தில் தவளைச் சத்தத்தில் போன் பேச முடியாது.

சுற்றிலும் காயலும் கடலுமாக இருக்க, அந்தக் கிணறு மட்டும் இனித்தது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் சந்தின் இருபத்திரண்டு வீடும் அதில்தான் இறைத்தன. சங்கரி அந்தத் தண்ணீரில்தான் அரிசி ஊறவைத்து, மாவாட்டி, சுள்ளிக்கல் வரைக்கும் வீடு வீடாக விற்றாள். அவர்கள் வீட்டுச் சோறு பாதி அந்த மாவில் வந்தது.

ஒருமுறை இசக்கிதுரை கேட்டதற்கு, வாளியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நசீபா விளக்கினாள். சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. எதையும் பிரித்துப் பிரித்துத்தான் சொல்வாள்.

"கீழ முழுக்க உப்புத் தண்ணிதாண்ணே. மழைத் தண்ணி சதுப்புல நின்னு நின்னு எறங்கி, அது மேல பாலாடை மாதிரி கெடக்குது. நாம அள்ளுறது அந்த ஆடையத்தான். சதுப்ப மூடினா ஆடை தீர்ந்துடும்."

"தீர்ந்தா?"

"அப்புறம் சாயாவுல உப்புப் போட வேண்டாம்" என்று சிரித்தாள்.

அந்தச் சதுப்பை ஒருவர் வாங்கியிருந்தார். யாரென்று சந்தில் யாருக்கும் தெரியாது. முதலில் சுற்றிலும் தகரம் அடித்தார்கள். பிறகு மூலையில் நாலைந்து லாரி கட்டட இடிபாடுகள் வந்து விழுந்தன. நசீபா விவசாய அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள். சதுப்பைக் காக்கும் சட்டம் வந்த 2008க்கு முன்பே கரையாக, அதாவது மேட்டு நிலமாக, ஆகிவிட்டதென்றால் தடையில்லை, இல்லையென்றால் ஒரு கூடை மண்கூடப் போடக்கூடாது, விசாரிப்போம் என்று பதில் வந்தது. அவள் கடிதத்தை நாலாக மடித்துக் குரான் வைக்கும் பலகைக்கு அடியில் வைத்தாள்.

ஓணத்துக்கு அலுவலகங்களுக்கெல்லாம் நாலு நாள் தொடர்ந்து விடுமுறை. நசீபா குடும்பத்தோடு பாலக்காட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மேஸ்திரி ரமேஷ்பாபு இசக்கிதுரையைக் கூப்பிட்டான். பதினாறு வருடத்துக்கு முன்னால் அவனைத் தென்காசியிலிருந்து கொச்சிக்குக் கூட்டிவந்தவன் அவன்தான்.

"பதினோரு மரம்டே. இருபது வயசு மரம். கிரேன் வந்துரும். நாலு நாள்ல முடியணும்."

பொள்ளாச்சியில் மரங்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரி தகர வேலிக்குள் நுழைந்த பிறகுதான் இசக்கிதுரைக்கு இடம் புரிந்தது. மதிலுக்கு மேலாக அவன் வீட்டுக் கொடியில் சங்கரியின் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"இங்கயா? இது எங்க வீட்டுக்குப் பின்னால்லா."

"அப்போ பஸ் செலவு மிச்சம். குழி எங்க இருந்தாலும் குழிதானடே."

"எதுக்கு இங்க தென்னை?"

"மரத்துக்கு வயசு உண்டு மோனே. இருபது வயசு மரம் நிக்குதுன்னா கரை இருபது வருஷமா இருக்குன்னு அர்த்தம். உனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நீ வடக்கப் பாரு."

இசக்கிதுரை வடக்கைப் பார்த்தான். இடிபாட்டு மண்ணில் குழி வெட்டினான். ஒவ்வொரு குழியிலும் முழங்கால் ஆழத்தில் கறுத்த தண்ணீர் வந்து நின்றது. மரங்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கம்பு முட்டுக் கொடுத்தான். நாலாம் நாள் ரமேஷ்பாபு புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன பொட்டு? சுரண்டு" என்றான். பத்து மரங்களில் சுரண்டினான். மதிலோரத்தில் நின்ற பதினோராவது மரத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று கத்தியை மடக்கினான். அது மறதியா, வேறெதாவதா என்று அவனால் பின்னர் ஒருபோதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாலக்காட்டிலிருந்து திரும்பிய நசீபா, பையைக்கூட இறக்கி வைக்காமல் முற்றத்தில் நின்று மதிலுக்கு மேலே தெரிந்த பதினோரு கொண்டைகளையும் பார்த்தாள்.

"இசக்கியண்ணே, இதெல்லாம் யாரு கொண்டுவந்து நட்டா?"

"எனக்குக் கும்பளங்கி ரிசார்ட்டுல வேலை தங்கச்சி. நாலு நாளும் அங்கதான்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே அது நம்பும்படியாக இருந்தது.

நவம்பரில் விசாரணைக்கு வந்தார்கள். விவசாய அலுவலகத்து அம்மா ஒருவரும் கோப்புகளோடு ஒரு உதவியாளரும். சந்தில் பாதிப் பேர் தகர வேலிக்குள் கூடியிருந்தார்கள். நல்ல ரோடு போட்டுத் தருவதாக யாரோ அவர்களிடம் சொல்லியிருந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முந்தின நாளே நசீபா இசக்கிதுரையிடம், "நீங்க வரணும்ண்ணே. மரம் முன்னாடி இல்லைன்னு மட்டும் சொன்னா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தாள்.

அவன் எல்லாருக்கும் முன்பே போயிருந்தான். முட்டுக் கம்புகளை ரமேஷ்பாபு ஏற்கெனவே கழற்றியிருந்தான். பதினோராவது மரத்தின் புள்ளி மங்கவேயில்லை. மட்டை விழுந்த தழும்பின் மடிப்பில் நீலம் இறங்கி, மரத்தின் பிறவிக் குறி போலப் பளிச்சென்றிருந்தது. அவன் திரும்பி நின்று, வடக்கே மதிலைப் பார்த்த அந்தப் பக்கத்தில், முதுகைப் புள்ளியின்மேல் சாய்த்துக்கொண்டான்.

உதவியாளர் ஒரு மரத்தில் ஏணி சாய்த்துத் தழும்புகளை எண்ணினார். வருடத்துக்குப் பன்னிரண்டு மட்டை. இருநூற்று முப்பது வந்தது.

"பத்தொன்பது வருஷம், மேடம். அடியில மண்ணுக்குள்ள போனது வேற."

"மரத்துக்குத்தான் பத்தொன்பது" என்றாள் நசீபா. "இந்த மண்ணுக்கு இல்ல. ஓணத்துக்கு நாங்க ஊருக்குப் போகும்போது இங்க ஒரு மரம் கிடையாது."

"மேலேருந்து எடுத்த படத்துல பச்சைதான் தெரியுது. கோரையா தெங்கான்னு தெரியல" என்றார் அலுவலர். பிறகு மரங்களை ஏறிட்டுப் பார்த்தார். "பறிச்சு நட்ட மரம்னா ஓலை தொங்கிப்போகும். இதெல்லாம் நல்லா நிக்குதே."

இசக்கிதுரையின் கை சுத்தம் அப்படி. ஒரு மரமும் வாடவில்லை. கொஞ்சம் அலட்சியமாக நட்டிருக்கலாமே என்று அந்த நிமிடம் அவனுக்குத் தோன்றியது.

"இவரைக் கேளுங்க மேடம். எங்க வீட்டுலதான் ஏழு வருஷமா இருக்காரு. நம்ம ஆளு, பொய் சொல்ல மாட்டாரு."

அலுவலர் அவன் பக்கம் திரும்பினார். "சேட்டா, ஈ தெங்கு எத்ர காலமாயிட்டு இவிடெ உண்டு?" எத்தனை காலமாக இந்தத் தென்னைகள் இங்கே நிற்கின்றன என்று கேட்டார்.

ரமேஷ்பாபு கூட்டத்தின் ஓரத்தில் தரையைப் பார்த்தபடி பல் குத்திக்கொண்டிருந்தான். இசக்கிதுரைக்குச் சட்டைக்குள் முதுகெலும்பில் அந்தப் புள்ளி இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்தது. ஓரடி நகர்ந்தால் போதும். வாயால் எதுவும் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

"நான் வந்ததுலேர்ந்து நிக்குது" என்றான்.

நசீபா அவனைப் பார்த்தாள். எல்லாரும் வெளியேறும் வரைக்கும் அவன் மரத்தைவிட்டு நகரவில்லை.

"ஒரு மணி நேரம் மரத்துல சாஞ்சு நின்னியளாமே" என்று சாயங்காலம் சங்கரி கேட்டாள். "மரம் விழுந்துரும்னு முட்டுக் குடுத்தியளா?"

ஜனவரித் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. கரை நிலம். அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது. மறுநாளே லாரிகள் வந்தன. சிவப்பு மண் கோரைமேல் விழுந்து விழுந்து பரவியது. முதல் வாரம் தண்ணீர்ப் பாம்புகள் மதில் ஏறிச் சந்துக்குள் வந்தன. பிள்ளைகள் கல்லால் அடித்தார்கள். இரண்டாம் வாரம் ஆமைகள் வந்தன. நீலக் கோழி ஒன்று மூன்று நாள் மதில்மேலேயே நின்றுவிட்டு எங்கேயோ போயிற்று. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. எதுவும் வராதபோதுதான் சந்துக்கே பயம் தட்டியது.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு காலை, சங்கரி மாவுப் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாவு வைத்த கோட்டிலேயே கிடந்தது. பொங்கவில்லை.

"குளிரோ?" என்றான்.

"கொச்சியில என்ன குளிரு? மூணு நாளா இப்படித்தான். நேத்துப் பருப்பும் வேகல." ஒரு விரல் தண்ணீரைத் தொட்டு அவன் உதட்டில் வைத்தாள். "என்ன தெரியுது?"

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் அறைக்கு நடுவில் தரை ஓடு ஒன்று மேலெழுந்திருந்தது. மிதித்தால் அமுங்கியது, காலை எடுத்ததும் மெல்ல எழுந்தது. அந்தப் பக்கம் மண்ணைக் கொட்டக் கொட்ட, அடியிலுள்ள சேறு இந்தப் பக்கம் பிதுங்கி வருகிறது. ஓட்டின் விளிம்பில் கறுப்பாக ஈரம் கசிந்தது. சங்கரி அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நீங்கதான நட்டது?"

"எப்படித் தெரியும்?"

"ஓணத்துக்குக் கும்பளங்கி போன மனுசன் மத்தியானம் மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு தின்னியளே. கேட்டா வம்புன்னு இருந்தேன். என் மாவுலயே மண்ணப் போடுவியன்னு நெனைக்கல."

அவன் எழுந்து முற்றத்துக்குப் போனான். நசீபா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் புள்ளியைப் பற்றிச் சொன்னான். வரிசையாக, எதையும் விடாமல், சுரண்டிய பத்தையும் சுரண்டாத ஒன்றையும் சொன்னான். அவள் வாளியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

"உங்க முதுகுக்குப் பின்னாலயா இருந்துச்சு?"

"ஆமா."

"இருபது வருஷமா அங்கயே நின்ன மரத்துக்கு யாரும் வடக்குக் குறிக்க மாட்டாங்கதானே?"

"மாட்டாங்க. பிடுங்குற மரத்துக்குத்தான் வைப்போம். அதை நானே வந்து சொல்லுதேன்."

"அப்பீலுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. எனக்குப் போட்டோ வேணும்."

சாப்பாட்டு நேரம். லாரிகள் நின்றிருந்தன. இருவரும் தகர இடுக்கு வழியாக நுழைந்தார்கள். இசக்கிதுரை நின்றுவிட்டான். மண் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தது. பதினோரு மரங்களும் குட்டையாகி, கழுத்து வரை புதைத்த ஆட்களைப் போல நின்றன. அவற்றின் வேலை முடிந்திருந்தது. ஓலைகள் பழுத்துத் தொங்கின.

மதிலோரத்து மரத்தின் வடக்குப் பக்கம் மண்டியிட்டுக் கையாலேயே தோண்டத் தொடங்கினான். சிவப்பு மண் இரண்டடிக்கு இளகி வந்தது. அதற்குக் கீழே குழியின் ஓரங்கள் கறுத்தன. தண்ணீர் சத்தமில்லாமல் நாலு பக்கத்திலிருந்தும் வந்து கூடியது. அவன் கையை உள்ளே விட்டு மரத்தைத் தடவினான். ஒரு தழும்பு, அடுத்த தழும்பு, அதன் மடிப்பு. இங்கேதான். விரலுக்கு நிறம் தெரியாது.

"கிடைச்சுதா?"

"இருக்கு. தண்ணிய வாரினா தெரியும்."

நசீபா கிணற்று வாளியை எடுத்துவந்தாள். அவள் அள்ளி ஊற்றினாள். சங்கரியும் மாவுப் பானையோடு வந்து அள்ளினாள். ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரம், நீலம் போல எதுவோ தெரிந்தது. நசீபா போனைத் தூக்குவதற்குள் மூடிக்கொண்டது. அவன் முகத்தில் தெறித்த தண்ணீர் உதட்டுக்கு வழிந்தது. கரித்தது.

தெருப் பக்கம் முதல் லாரி எஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. மூவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அள்ள அள்ளத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.