ஒரே தட்டில் இரண்டு தேசம்

ஆரியசாலையில் ஹரிகுமார் நடத்திவந்த சைவச் சாப்பாட்டுக் கடை பிழைக்குமா, பூட்டப்படுமா என்பது அந்தப் புதன்கிழமை மத்தியானம் தெரிந்துவிடும். விழிஞ்ஞத்தில் கப்பல் சரக்கு பார்க்கும் கம்பெனி ஒன்று தன் ஆட்களுக்குத் தினமும் மதியச் சாப்பாடு தர ஒரு கடையைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் கடையில் வேலை செய்யும் ஏழு பேருக்கும் பிழைப்பு உண்டு. இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அதற்குப் புதிதாக ஒரு கிரேக்க வாடிக்கையாளரும் ஒரு மெக்சிகோ வாடிக்கையாளரும் அமைந்திருந்தார்கள். இருவரையும் கௌரவிக்க வேண்டும் என்று பெரிய அதிகாரி பிபினுக்குத் தோன்றியது. தனித்தனியாகக் கௌரவிக்க நேரம் ஏது? இரண்டு நாட்டு ருசியும் ஒரே தட்டில் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். புதன்கிழமை மூன்று பேர் வந்து சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வார்கள்.

சமையல்காரர் தாணுமாலயன் சுசீந்திரம் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்படியில் நிற்கிறார். அடுப்புக்கு மேலே பிள்ளையார் படம். செய்ததில் முதல் கரண்டி பிள்ளையாருக்கு. அதற்குமுன் தாணுமாலயன் ஒரு துளிகூட நாக்கில் வைக்கமாட்டார். ஆவி முகத்தில் அடித்தால் போதும், உப்பு கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார்.

ஹரிகுமார் கைப்பேசியில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு வந்து பாடம் நடத்தினான்.

"அண்ணாச்சி, இது ட்சட்ஸீக்கி."

"வெள்ளரிக்காப் பச்சடிதானே மொதலாளி."

"அப்படிச் சொல்லி என் மானத்த வாங்காதீங்க. இது டார்ட்டில்லா."

"சப்பாத்தி."

"அண்ணாச்சி!"

"சரி, நான் ஒண்ணும் சொல்லல. பேரு மாத்துனா ருசி மாறுமா?"

"ருசி மாறாது, மரியாத மாறும். அது மதி, அது போதும் நமக்கு."

சீரகமும் மிளகாய் வத்தலும் தக்காளியும் போட்டு வேகவைத்த ராஜ்மா மெக்சிகோவின் பங்கு. தயிரில் வெள்ளரியும் புதினாவும், மேலே தூவ ஃபெட்டா என்ற வெள்ளைப் பாலாடைக்கட்டி, கறுப்பு ஆலிவ் காய், இவை கிரேக்கத்தின் பங்கு. ஃபெட்டா டப்பாவில் ஹரிகுமார் விலையையும் ஆட்டுப் படத்தையும் மட்டும் பார்த்தான்; உப்புநீரில் ஊறியது என்ற வரியைப் பார்க்கவில்லை. தாணுமாலயன் முகர்ந்து பார்த்தார். லேசாகப் புளிப்பு வாடை. பன்னீருக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, பன்னீருக்குப் போடும் அளவு உப்பைப் பிசறினார். அதுபோலவே உப்புநீரில் ஊறிவந்த ஆலிவுக்கும் தாராளமாகப் போட்டார். ஆறின பண்டத்தில் ஆவி ஏது? அவருடைய மூக்குக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

பிள்ளையாருக்குப் படைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறப்பதற்குள், விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று ஹரிகுமார் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். படைத்ததில் ஒரு துண்டை எடுத்துப் பிரசாதமாக வாயில் போட்டார் தாணுமாலயன்.

சங்குமுகத்துக் கடலையே வாயில் ஊற்றியதுபோல் இருந்தது. பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாகிவிட்டது.

கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார். நடுவில் பிபின். ஒரு பக்கம் ஆர்ஷா என்ற இளம் அதிகாரி. மறுபக்கம் கணக்குத் துறைத் தலைவர் வேதமாணிக்கம், ஓய்வு பெறும் வயசு.

"வாவ்!" என்றார் பிபின். "ஏதன்ஸ்ல நான் ரெண்டு நாள் தங்கியிருக்கேன். இதே டேஸ்ட். கடல்காத்து அடிக்குது, இல்லே?"

"அடிக்குது சார்" என்ற ஆர்ஷா மூன்றாவது டம்ளர் தண்ணீரைக் குடித்தாள்.

"ரொம்பத் தைரியமான ருசி" என்றார் வேதமாணிக்கம். அவர் நெற்றியில் வேர்வை. சட்டைப் பையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அடுத்த கவளத்தை மருந்து விழுங்குகிறவர்போல உருட்டிக்கொண்டிருந்தார்.

ஹரிகுமாரின் முகம் தீபாராதனைத் தட்டுபோல ஒளிர்ந்தது. பேசாமல் இருந்தால் ஆர்டர் கைக்கு வந்துவிடும். உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஷிபாவின் பிள்ளைகளைத் தாணுமாலயன் நினைத்தார். பிறகு அந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். கால் தானாக நடந்தது. வேதமாணிக்கத்தின் முன்னாலிருந்த தட்டை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"சாருக்கு இது வேண்டாம். உப்பு கூடிப்போச்சு. எந் தப்பு."

"அண்ணாச்சி..." என்றான் ஹரிகுமார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நோ நோ" என்றார் பிபின். "கிரீக் சாப்பாடு இப்படித்தான். நிங்ஙளுக்குத் தெரியாது."

"ஏதன்ஸ் எனக்குத் தெரியாது சாரே. உப்பு தெரியும்."

ஆர்ஷா கரண்டியைக் கீழே வைத்தாள். "சார், எனக்கும் கூடுதலாத்தான் தோணுச்சு. சொல்ல பயம்."

"எனக்கு மொத வாயிலயே தெரிஞ்சு போச்சு" என்றார் வேதமாணிக்கம், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

பிபின் இருபக்கமும் பார்த்தார். "ஆக்சுவலி, நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

தாணுமாலயன் இருபது நிமிஷம் கேட்டார். மிச்சமிருந்த ஃபெட்டாவை மூன்று தண்ணீரில் அலசினார். ஆலிவையும் அப்படியே. உப்பு ஜாடியைத் தொடவில்லை. ஆனால் சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தார். முதல் கரண்டி சாமிக்கு என்பதுதான் வழக்கம். முழுச் சமையலும் முடிந்தபிறகே கொடுக்கவேண்டும் என்று சாமி கேட்டதில்லையே. அலசிய கட்டியில் ஒரு விள்ளலை இலைத்துண்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தானும் வாயில் போட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் சமையல் பாதியில் அவர் நாக்கு வேலை செய்தது அன்றுதான். பரவாயில்லை என்றிருந்தது. மேலே நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தார்.

இரண்டாவது தட்டை மூவரும் சாப்பிட்டார்கள். ஆர்ஷாவின் டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"இதாக்கும் ஏதன்ஸ்!" என்றார் பிபின். யாரும் மறுக்கவில்லை. இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் பொறுத்துக்கொள்கிற கடவுள் இதையும் பொறுத்துக்கொள்வார் என்று தாணுமாலயனும் விட்டுவிட்டார்.

வேதமாணிக்கம் தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உமக்கு எந்த ஊரு?"

"சுசீந்திரம் பக்கம் சாரே."

"எனக்கு மார்த்தாண்டம். திங்கக்கெழம தொடங்க முடியுமா?"

ஹரிகுமார் தேதி பார்க்கக் கைப்பேசியை எடுத்தான். தாணுமாலயன்தான் சொன்னார். "முடியும். சாருக்கு மட்டும் தனியா, உப்புக் கொறச்சு ஒரு தூக்குல அனுப்பட்டா?"

வேதமாணிக்கம் கை கழுவ எழுந்தார். "அனுப்பும் வே. ஊறுகா மட்டும் எல்லாருக்கும் போடுறதே போடும்."

"அது நடக்காது சாரே" என்றார் தாணுமாலயன்.